கப்பலில் ஒரு வேட்டி

'ஆள் பாதி, ஆடை பாதி' என்று நம்மிடையே ஒரு பழமொழி வழங்குகிறது. இந்தப் பாதிக்கும் அந்தப் பாதிக்கும் தகராறு வந்தால் யார் விட்டுக் கொடுப்பது என்பதைப் பற்றி அந்தப் பழமொழி வாய் திறக்கவில்லை. சாதாரண நாட்களில் அப்படி ஒரு தகராறு வருவதுமில்லை. எங்கேயாவது ஒரு வாசலில், "இந்த உடையோடு உள்ளே வரக் கூடாது" என்று ஒருவன் கையை நீட்டித் தடுக்கும்போதுதான் நாம் திடுக்கிட்டு விழித்துக் கொள்கிறோம். அவர்கள் உள்ளே அழைத்தது நம்மையா, நம் சட்டையையா?

இந்தக் கேள்வியை என் தலையில் கொண்டு வந்து போட்டவர் மண்டகப்பட்டைச் சேர்ந்த ஒரு நண்பர். வங்கி உத்தியோகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர். பிறருடைய பணத்தை எண்ணி எண்ணிப் பழகியதால், தம்முடைய பணத்தைத் தொடுவதற்கே கூச்சப்படுகிறவர். அவருடைய மகனும் மகளும் வெளிநாட்டில் நல்ல வேலையில் இருக்கிறார்கள். பெற்றோருக்குத் திருமணமாகி நாற்பது ஆண்டுகள் நிறைவதை முன்னிட்டு, "நீங்கள் இருவரும் ஒரு கப்பல் பயணம் போய் வாருங்கள், செலவு எங்களுடையது, கப்பலை நீங்களே தேர்ந்தெடுத்துக் கொள்ளுங்கள்" என்று சொல்லி விட்டார்கள்.

நண்பர் இரண்டு நாள் யோசித்துக் காசியா, இராமேசுவரமா என்று ஆரம்பித்தார். கடலில் காசி இல்லை என்பதை யாரோ எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். அப்போது அவர் மனைவி ஒரு வார்த்தை சொன்னாராம்: "ராத்திரியிலே எல்லாரும் நல்லா உடுத்திக்கிட்டு வந்து, சாப்பிட்டு, ஜோடி ஜோடியா ஆடுவாங்களே, அந்த மாதிரிக் கப்பலாப் பாருங்க."

நண்பருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாளே என்னிடம் வந்து விட்டார். நாவல் எழுதுகிறவனுக்கு உலகத்து விவகாரம் எல்லாம் தெரியும் என்ற மூடநம்பிக்கை இன்னும் நம் நாட்டில் சில நல்லவர்களிடம் மிச்சமிருக்கிறது.

"சார், எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும்" என்றார். "ஒண்ணு, எந்தக் கப்பல்? ரெண்டாவது, இது தப்பா, சரியா?"

முதல் கேள்விக்குப் பதில் தேட ஒரு வாரம் பிடித்தது. இரண்டாவதற்கு இன்னும் தேடிக் கொண்டிருக்கிறேன்.

அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்தே ஒரு பதில் வைத்திருந்தார். "மானம் கப்பலேறிடும்னு கேள்விப்பட்டிருக்கேன், காசு கொடுத்து டிக்கெட் வாங்கியுமா ஏத்துவாங்க?" என்றாராம். ஹாஸ்யம் என்ற முறையில் இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் நம் மொழியில் மானம் ஏன் கப்பலேறுகிறது, ஏன் மாட்டு வண்டி ஏறவில்லை என்று யோசித்துப் பாருங்கள். கரையை விட்டுப் போனது திரும்பி வராது என்ற பயந்தான். நம்மவர்கள் கப்பல் ஏறியதெல்லாம் பெரும்பாலும் பிழைப்புக்காக. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜுலா' என்ற கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1973 வரை போய் வந்து கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் அதன் மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்துக் கொண்டு, கட்டுச்சோற்று மூட்டையும் தகரப் பெட்டியுமாகப் போனார்கள். அந்தக் கப்பலில் ஏறியவனை, "மாலை விருந்துக்கு என்ன உடுத்தப் போகிறீர்?" என்று யாரும் கேட்கவில்லை. அப்படிப்பட்ட ஜனங்களுக்கு, வேலையுமில்லாமல் வியாபாரமுமில்லாமல், ஆடுவதற்காகவே ஒருவர் கப்பல் ஏறுகிறார் என்றால் கொஞ்சம் சிரிப்பு வரத்தான் செய்யும். அந்தச் சிரிப்பில் பழைய வலியும் கலந்திருக்கிறது.

இருக்கட்டும், கப்பலுக்கு வருவோம்.

அருகிலேயே ஒன்று இருக்கக் கூடாதா என்றுதான் நானும் முதலில் பார்த்தேன். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் புறப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். 1990-இல் 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரோடு கடலில் இறங்கிய கப்பல் அது. பல கை மாறி, கார்டேலியா என்ற நிறுவனத்தின் மூலம் நம் கரைக்கு வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் இலங்கைக்கும் போய் வந்தது. 2022-இல் புதுச்சேரிக்கு வந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. கப்பலில் சூதாட்ட அறை இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பியதில், பயணிகளை இறக்க அனுமதி கிடைக்காமல் திரும்பிப் போக நேர்ந்தது. ஆளை வாசலில் நிறுத்துவது நமக்குப் பழக்கம். அன்று ஒரு கப்பலையே வாசலில் நிறுத்தினார்கள்!

ஆனால் நண்பருடைய மனைவி கேட்டது வேறு. சாப்பாட்டுக்கும் கேளிக்கைக்கும் இன்று கடலில் கப்பல்கள் எத்தனையோ உண்டு. முறையான மாலை உடை, மெய்யான வாத்திய கோஷ்டி, மரத்தளம் போட்ட நடன மண்டபம் மூன்றும் ஒன்றாக அமைந்த கப்பல்கள் குறைந்து கொண்டே வருகின்றன. 2000-ஆம் ஆண்டிலேயே 'நார்வீஜியன்' கப்பல் நிறுவனம் சம்பிரதாய மாலைகளைக் கைவிட்டு, 'அவரவர் இஷ்டம்' என்ற கொள்கைக்கு மாறியது. 2015-இல் 'செலிப்ரிட்டி' நிறுவனமும் கட்டாயத்தைத் தளர்த்தியது. பழைய வழக்கத்தை விடாமல் பிடித்துக் கொண்டிருப்பவர்களில் முதலிடம் 'கியூனார்ட்' நிறுவனத்துக்கு. அவர்களுடைய 'குவீன் மேரி 2' 2004-இல் ஓடத் தொடங்கியது. அதிலுள்ள நடன மண்டபந்தான் கடலில் மிதக்கும் மண்டபங்களிலே பெரியது என்று பெருமையாகச் சொல்லிக் கொள்கிறார்கள். சௌதாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஏழு இரவுகள். வழியில் ஒரு துறைமுகமும் கிடையாது. ஏழில் இரண்டு இரவுகள் கோலாகல மாலைகள்.

ஆடுகிறவர்கள் கப்பலைத் தேர்ந்தெடுக்கும் முறை வேடிக்கையானது. மற்றப் பயணிகள், "எத்தனை ஊர் காட்டுவான்?" என்று கேட்பார்கள், இவர்கள், "எத்தனை நாள் ஊரே காட்டாமல் இருப்பான்?" என்று கேட்கிறார்கள். நாள் முழுவதும் ஊர் சுற்றி வந்தவனுக்கு இரவில் கால் எழாது அல்லவா? அடுத்த கேள்வி தளத்தைப் பற்றியது. பளிங்குத் தரையில் மூன்று நாள் ஆடினால் முழங்கால் நான்காம் நாள் கணக்குக் கேட்கும். மரத்தளம் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். மண்டபம் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் இருந்தால் ஆட்டம் குறைவு. நான் சொல்வது கடலின் ஆட்டத்தை. பகலில் நடனப் பாடம் உண்டா, இரவில் எத்தனை மணி வரை வாத்தியம் என்பதெல்லாம் விசாரிக்க வேண்டியவை.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி நண்பரிடம் கொடுத்தேன். அவர் தாளை மேலிருந்து கீழே பார்த்து, ஓரிடத்தில் விரலை வைத்தார். "கோலாகல மாலைன்னா என்ன உடுத்தணும்?"

கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையும் கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு முடிச்சும் என்றேன். நண்பர் முகம் சுருங்கியது. "அப்ப, என் கல்யாண நாளை நான் வேற ஒருத்தன் வேஷத்துலே கொண்டாடணுமா?" என்றார்.

இங்கே மண்டகப்பட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே உள்ள சிறிய ஊர். அங்கே ஒரு பாறையில், ஏழாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், மகேந்திரவர்ம பல்லவன் ஒரு கோயிலைக் குடைந்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரமனுக்கும் ஈசுவரனுக்கும் விஷ்ணுவுக்கும் விசித்திரசித்தன் எடுப்பித்தது என்று அங்கே வடமொழியில் கல்வெட்டு இருக்கிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனே தனக்கு வைத்துக் கொண்ட விருதுப் பெயர்களில் ஒன்று. குடிகாரக் காபாலிகன் ஒருவனை நையாண்டி செய்து 'மத்தவிலாசம்' என்ற நாடகம் எழுதிய அரசன் அல்லவா? பெயர் பொருத்தந்தான்.

என்ன சேர்த்தேன் என்று பெருமை பேசுகிறவர்கள் உலகத்தில் அதிகம். என்னவெல்லாம் சேர்க்கவில்லை என்று கல்லில் வெட்டி வைத்தவன் இவன். அப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக் கொண்டே வந்தவன், ஒன்றை மட்டும் தள்ளவில்லை. முகப்பின் இரு ஓரங்களிலும் இரண்டு வாயிற்காவலர்களை நிறுத்தி வைத்திருக்கிறான். நல்ல ஆகிருதி, தலையலங்காரம், ஆபரணம், கையில் பெரிய தடி. உள்ளே மூன்று அறைகளும் இன்று வெறுமையாகக் கிடக்கின்றன. காவலர்கள் மட்டும் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக உத்தியோகத்தில் இருக்கிறார்கள். ஓய்வும் இல்லை, பென்ஷனும் இல்லை. செங்கல் இல்லாமல் தெய்வத்துக்கு வீடு கட்டி விடலாம். வாசலில் ஆள் இல்லாமல் முடியாது என்று அந்த விசித்திரசித்தன் நினைத்தானோ என்னவோ! அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். இவர்கள் நம்மைத் தடுக்க நிற்கிறார்களா, அல்லது, "சற்று நில், தலையைக் கோதிக்கொள், எங்கே நுழைகிறாய் என்று ஞாபகம் வைத்துக்கொள்" என்று சொல்ல நிற்கிறார்களா?

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடித்து விட்டால் நண்பருடைய சங்கடத்தில் பாதி தீர்ந்து விடும் என்று தோன்றுகிறது.

தடுக்கிற வாயிற்காவலனை நம் நாடு நன்றாக அறியும். 2014 ஜூலையில் சென்னையில் நடந்ததைச் சொல்கிறேன். சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்கக் கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வேட்டி கட்டிக் கொண்டு போனார். கிளப்பின் உடை விதிக்கு வேட்டி ஒத்து வராது என்று சொல்லி அவரை உள்ளே விடவில்லை. நாடெங்கும் கொதித்து எழுந்தது. அடுத்த மாதமே சட்டசபையில் ஒரு சட்டம் நிறைவேறியது. வேட்டி கட்டி வந்தவரைத் தடுத்தால் கிளப்பின் உரிமம் போகும். ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். தமிழ் மண்ணில், தமிழ்ப் புத்தாண்டுக்குக் கட்டுகிற வேட்டியைக் கட்டியவன் வெளியே நிற்பது என்ற அநியாயத்துக்குச் சட்டம் தேவைதான்; எனக்கு அதில் மாறுபாடு இல்லை. அந்த விதி, 'நன்றாக உடுத்தி வா' என்று கேட்கவில்லை. 'எங்களைப் போல் உடுத்தி வா' என்று கேட்டது. எங்களை என்றால் யார்? அந்த 'எங்கள்' கப்பலேறிப் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகி விட்டன. அவர்கள் விட்டுப் போன கோட்டு மட்டும் வாசலில் நின்று கொண்டு அதிகாரம் செய்தது.

அந்தக் கோட்டின் பூர்வோத்தரமும் கேட்கத் தக்கது. இன்றைக்குக் கடுமையான சம்பிரதாயம் என்று எண்ணப்படும் அந்த வால் இல்லாத கறுப்புக் கோட்டு, 1860-களில் இங்கிலாந்தின் வேல்ஸ் இளவரசர் சௌகரியத்துக்காகத் தைத்துக் கொண்ட உடை. முறையான உடை என்பது அப்போது வால் வைத்த கோட்டு. வீட்டோடு, நெருங்கிய நண்பர்களோடு சாப்பிடும்போது வால் இடைஞ்சல் என்று வெட்டி விட்டார்கள். ஒரு தலைமுறையின் சோம்பல் நாலாம் தலைமுறையின் கௌரவமாகி விட்டது! நம்முடைய வேட்டி-சட்டை மட்டும் என்ன? வேட்டி பழையது, அதன் மேல் பொத்தான் போட்ட சட்டை நேற்று வந்தது. உடையில் சுத்தமான பூர்வீகம் பேசுகிறவர்கள் பொத்தானை எண்ணிப் பார்ப்பது நல்லது.

உடைக்கும் மானத்துக்கும் உள்ள விவகாரத்தைக் கடைசி வரை நடந்து பார்த்தவர் காந்தியடிகள். 1888-இல் பம்பாயில் கப்பல் ஏறி இலண்டனுக்குப் போனவர், கனவானாக வேண்டும் என்று மாலை உடை தைத்துக் கொண்டார். பத்துப் பவுன் ஆயிற்று. நடன வகுப்பிலும் சேர்ந்தார். மூன்று பவுன் கட்டணம். மூன்று வாரத்தில் ஆறு பாடம். பியானோ வாசிப்பதைக் காது பிடிக்கவில்லை. கால் அதற்கு இசையவில்லை. விட்டு விட்டார். 1921-இல் மதுரையில் அரையாடைக்கு மாறினார். 1931-இல் அதே இலண்டனில், அதே அரையாடையோடு பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போய் அரசரைப் பார்த்தார். அரண்மனையில் விதி இல்லையா? இருந்தது. ஆனால் வந்தவர் விதியை விடப் பெரியவராக இருந்தார்.

இந்தக் கதையை நண்பரிடம் சொன்னபோது அவர் உற்சாகமாக, "அப்ப நானும் வேட்டியிலேயே போறேன்!" என்றார். நானும் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் கூட வந்திருந்த அம்மாள் மெதுவாகச் சொன்னார்: "காந்தி ராஜாகிட்டே நியாயம் கேக்கப் போனாருண்ணே. நாங்க கேக்கிறதுக்கு என்ன இருக்கு? சந்தோஷமா இருந்துட்டு வரத்தானே போறோம்."

அந்த வார்த்தை என்னைச் சிந்திக்க வைத்தது. எதிர்ப்புக்காக உடுத்துவது ஒன்று. விருந்துக்காக உடுத்துவது வேறு. பொங்கலன்று கோடி உடுத்துகிறோம். கல்யாண வீட்டுக்குப் பட்டு உடுத்திப் போகிறோம். அங்கே வாசலில் யாரும் தடியோடு நிற்கவில்லை. ஆனாலும் அழுக்குச் சட்டையோடு போனால் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவரை அவமதித்ததாக நாமே நினைக்கிறோம். பெட்டியிலிருந்து எடுத்த பட்டின் மடிப்பு, 'உனக்காக நான் கொஞ்சம் சிரமப்பட்டேன்' என்று எதிரே இருப்பவரிடம் சொல்கிறது. அந்தச் சிரமத்தை எல்லோரும் எல்லோருக்காகவும் எடுத்துக் கொள்ளும் மாலை நேரம் ஒன்று இருந்தால் அதை அடிமைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'அவரவர் இஷ்டம்' என்ற கொள்கை சுதந்திரமாகத்தான் இருக்கிறது; ஆனால் எதிர் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் எனக்காக ஒன்றும் செய்யவில்லை என்ற ஏமாற்றமும் அதில் இருக்கிறது.

ஆகவே விதியைப் பார்க்கும்போது, அது என்னிடம் சிரத்தையைக் கேட்கிறதா, அல்லது என் பிறப்பை மறைக்கச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கப்பல்காரர்களின் விதியை மறுபடி படித்தேன். கறுப்புக் கோட்டோடு, அவரவர் நாட்டின் விசேஷ உடையும் செல்லும் என்று எழுதியிருந்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டம் போட்ட பாவாடையோடு வருகிறார்களாம். பாவாடை போகிற வாசலில் பட்டு வேட்டி போகாதா? உடுத்திக் கொள்ளச் சோம்பலாக இருக்கிறவர்களுக்குச் சாப்பிடவும் குடிக்கவும் தனியாகச் சில இடங்கள் விட்டு வைத்திருக்கிறார்கள். மண்டகப்பட்டுக் காவலர்களின் இரண்டாவது வகை என்று எனக்குத் தோன்றியது.

உடை விஷயம் இப்படி முடிந்தது. ஆட்டந்தான் பாக்கி.

கணவனும் மனைவியும் ஆனாலும், நாலு பேர் முன்னால் கையைப் பிடித்துக் கொண்டு ஆடுவது நமக்கு ஆகுமா? 'நம் பண்பாடு அல்ல' என்று சொல்லி விடுவது எளிது. ஆனால் சங்கப் பாட்டுகளில் துணங்கையும் குரவையும் வருகின்றன. கை கோத்து ஆடியிருக்கிறார்கள். ஆணும் பெண்ணும் ஆடியிருக்கிறார்கள். கணவன் வேறு ஒருத்தியோடு துணங்கை ஆடப் போனான் என்று மனைவி ஊடல் கொண்டு கதவடைத்திருக்கிறாள். நடன மண்டபம் மட்டுமல்ல, நடன மண்டபத்துப் பொறாமை கூட நமக்குப் பழைய சரக்குதான்! இளங்கோவடிகள் ஆய்ச்சியரைக் கை கோத்து வட்டமாக நிறுத்திக் குரவை ஆட வைத்திருக்கிறார். பிற்காலத்தில் எப்படியோ, ஆடுவது சிலருடைய தொழில், பார்ப்பது மற்றவர்களுடைய கௌரவம் என்று ஆகி விட்டது. ஆடியவர்களை இழிவாகப் பேசி விட்டு ஆட்டத்தை மட்டும் ரசித்தோம். இந்தப் பாவத்துக்குச் சமூகம் இன்னும் முழுக்கப் பிராயச்சித்தம் செய்யவில்லை.

வெள்ளைக்காரன் மட்டும் கூச்சமில்லாமல் ஆடினான் என்று எண்ண வேண்டாம். வால்ட்ஸ் நடனம் இங்கிலாந்துக்கு வந்த புதிதில் பெரிய அமளி நடந்திருக்கிறது. 1816-இல் அரச மாளிகை விருந்து ஒன்றில் அதை ஆடியதற்காக இலண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை கண்டித்துத் தலையங்கம் எழுதியது. பைரன் எத்தனை லீலைகள் புரிந்த கவிஞர்! அவரே வால்ட்ஸைத் திட்டிக் கவிதை எழுதினார். ஜெர்மன் சக்கரவர்த்தி 1913-இல் தம் அதிகாரிகள் சீருடையோடு டாங்கோ ஆடக் கூடாது என்று தடை போட்டார். இன்று அந்த வால்ட்ஸ், பாட்டிமார்கள் ஆடும் சாது நடனமாகி விட்டது.

நம் பக்கத்திலும் கப்பலுக்கும் நடனத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1928-ஐ ஒட்டிப் பம்பாயில் ருஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைப் பார்த்த ருக்மிணி தேவி அருண்டேல், பிறகு ஆஸ்திரேலியா போன கப்பலில் அதே பாவ்லோவாவும் பயணம் செய்வதைக் கண்டார். சிநேகம் உண்டாயிற்று. மேனாட்டு நடனம் கற்கத் தொடங்கியவரை, உங்கள் நாட்டுக் கலையைப் பாருங்கள் என்று திருப்பி விட்டவர் பாவ்லோவா. 1936-இல் கலாக்ஷேத்திரம் பிறந்தது. பிறத்தியாருடைய ஆட்டத்தைக் கற்கப் போனவருக்குத் தம்முடைய ஆட்டம் கிடைத்தது. கடல் கடந்தால் தன்னுடையது போய் விடும் என்று பயப்படுகிறவர்கள் இந்தக் கப்பலையும் நினைத்துக் கொள்ளலாம்.

ஆனால் நண்பருக்குச் சரித்திரத்தில் ஆறுதல் ஏற்படவில்லை. "அதெல்லாம் கலை சார். நாங்க ரெண்டு பேரும் கிழங்கட்டை. எதுக்காக ஆடணும்? எனக்கு அதைச் சொல்லுங்க" என்றார்.

நான் அம்மாளைப் பார்த்தேன். அவர் முதலில் ஒன்றும் பேசவில்லை. பிறகு புடவைத் தலைப்பின் நூலைத் திருகிக் கொண்டே சொன்னார்: "கல்யாணமான மறுநாள் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாரு. இவரு முன்னாடி, நான் நாலடி பின்னாடி. அன்னையிலிருந்து நாப்பது வருஷமா இவரு முதுகைத்தான்ணே பாத்துக்கிட்டு நடக்கிறேன். ஒரு தடவை மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நடக்கலாமேன்னுதான்."

நண்பர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

எத்தனையோ நடன சாஸ்திரங்கள் இருக்கலாம். ஜோடி நடனத்துக்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒருவர் முன்னால் போக, மற்றவர் பின்னால் போக வேண்டும்; ஆனால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டே. முன்னால் போகிறவன் பின்னால் நகர்கிறவளின் கால் எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு கணமும் அறிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிதித்து விடுவான். நம் குடும்பங்களில் வழிகாட்டுகிற புருஷர்களுக்குக் குறைவில்லை. பின்னால் வருகிறவளின் கால் எங்கே என்று தெரிந்து வழிகாட்டியவர்கள் எத்தனை பேர்?

'இந்தப் பணத்தில் ஓர் ஏழைப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைக்கலாமே' என்று ஒரு நியாயம் பாக்கி இருக்கிறது. செய்யலாம். நண்பரும் வருஷந்தோறும் இரண்டு பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு கொடுக்கிறார். அதை அவர் என்னிடம் சொன்னதில்லை, வேறொருவர் சொல்லித் தெரியும். தம்பதிகளுடைய ஒரு வாரச் சந்தோஷத்தை மட்டும் தராசில் வைத்து, வீட்டு மனையையும் நகையையும் ஆடம்பரக் கல்யாணத்தையும் தராசுக்கு வெளியே விட்டு விடுகிற நியாயம் எனக்குச் சம்மதமில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. அந்தக் கப்பலில் சுமார் 2,700 பயணிகளுக்கு 1,200-க்கு மேற்பட்ட ஊழியர்கள். மேல்தளத்தில் ஒருவர் பட்டில் ஆடுவதற்குக் கீழ்த்தளத்தில் ஒருவர் இஸ்திரி போடுகிறார். அவர் பிலிப்பைன்ஸ்காரராக இருப்பார், கோவாக்காரராக இருப்பார்; மாதக் கணக்கில் தம் மனைவியின் முகத்தைப் பாராதவராக இருப்பார். பழைய 'ரஜுலா'வில் நம்மவர்கள் படுத்திருந்த தளத்தை இது எனக்கு ஞாபகப்படுத்துகிறது. ஆடாமல் இருந்து விட்டால் அவருடைய பிரிவு தீருமா? தீராது. அதற்காக உறுத்தல் இல்லாமல் ஆட வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். நண்பரிடம், "பரிமாறுகிறவருடைய பெயரை முதல் நாளே கேட்டு வைத்துக் கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

ஊழியர்களில் ஒரு விசித்திர ஜாதி உண்டு. தனியாக வரும் பெண்களோடு ஆடுவதற்கென்றே சில கனவான்களைக் கப்பலில் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் நரைத்த தலையினர். கணவனை இழந்தவர்கள், துணையில்லாதவர்கள் ஓரமாக உட்கார்ந்திருந்தால் இவர்கள் போய்க் கை நீட்டி அழைக்க வேண்டும். அழகி என்றோ பணக்காரி என்றோ பார்க்கக் கூடாது. ஒருத்தியோடேயே திரும்பத் திரும்ப ஆடக் கூடாது. காதல், கீதல் என்று ஆரம்பித்தால் உத்தியோகம் போய் விடும். முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. கூலிக்காகக் காட்டுகிற தயவு தயவுதானா என்று கேட்கலாம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் நெற்றியில் வைக்கிற கைக்கும் சம்பளம் உண்டு. காய்ச்சல்காரனுக்கு அந்தக் கை குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. இஷ்டப்பட்டவர்களிடம் மட்டும் அன்பு காட்டுகிற நம்மை விட, வரிசைப்படி எல்லோரிடமும் மூன்று நிமிஷம் மரியாதை காட்டுகிற அந்த நரைத்த தலைக்காரன் ஒரு வகையில் உயர்ந்தவன். நம் கல்யாண வீடுகளில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் விதவைத் தாய்மார்களை எழுந்து போய் விசாரிப்பதற்கென்று யாரையாவது நியமித்திருக்கிறோமா?

நண்பர் பணம் கட்டி விட்டார். ஜூன் மாதம் பயணம். மயில்கண் கரைப் பட்டு வேட்டி; வழுக்காமல் இருக்க உள்ளே பெல்ட். அம்மாள் கொசுவத்தை எத்தனை ஊசியால் குத்தினால் சுற்றும்போது காலில் மாட்டாது என்று பரிசோதனை நடத்தி, ஐந்து என்று கண்டுபிடித்திருக்கிறார். சனிக்கிழமைதோறும் புதுச்சேரிக்குப் போய் ஓர் ஆசிரியையிடம் பாடம் கேட்கிறார்கள். மற்ற நாட்களில் மொட்டை மாடியில் அப்பியாசம். பக்கத்து வீட்டுக்காரர் தம் மாடியில் அந்த நேரம் பார்த்துத் துணி உலர்த்த வருகிறாராம்.

ஒரே ஒரு தகராறு பாக்கி. வால்ட்ஸின் அடிப்படைப் பாடத்தில் ஆண் முதலில் இடது காலை எடுத்து வைக்க வேண்டும். நல்ல காரியத்துக்கு இடது காலா என்று நண்பர் இன்னும் தயங்குகிறார். அந்தத் தயக்கத்திலேயே தாளம் தவறுகிறது. பெண் முதலில் எடுப்பது வலது கால். அதனால் அம்மாளுக்கு ஆட்சேபம் ஏதும் இல்லை.